வியாழக்கிழமை முறை

எழுதினால் அவர்கள் சம்மதித்துவிடுவார்கள், அதுதான் வில்லங்கம். வேறு யார் எழுதினாலும் மடித்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டுத் தங்கள் பாட்டில் இருப்பார்கள். என் எழுத்தைக் கண்டால் நம்புவார்கள். அவள் காரணமில்லாமல் எழுதமாட்டாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு பாயைச் சுருட்டி எழும்பிவிடுவார்கள்.

யோகமலர் இந்த நினைப்போடு தாச்சியைச் சரித்துச் சுழற்றினாள். மா மெல்லிய வட்டமாகப் பரவியது. ஓரம் கிளம்பியதும் விரலால் உரித்து ஈரத்துணியின்மேல் போட்டாள். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை. நாளைக்குச் சனிக்கிழமை ஒன்றுகூடல். முந்நூறு ரோல்ஸ் வேண்டும். வோபர்னில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குக் கிழமையில் நாலு நாள் ரோல்ஸ் உருட்டிக் கொடுக்கிற கைதான் அவளுடையது. ஆனாலும் இன்றைக்கு இரண்டு தரம் மா தடித்துப்போயிற்று.

குசினி யன்னலில் ஆவி படிந்திருந்தது. பதினோராம் மாடிக்கு வெளியே, மழையென்றும் சொல்ல முடியாத பனியென்றும் சொல்ல முடியாத ஏதோவொன்று காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே மார்க்கம் றோட்டில் பஸ்கள் சேற்றுத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போயின.

"மலர், கடிதம் எழுதிப்போட்டீரோ?" என்று கேட்டாள் பேபி.

பேபி மேசையடியில் இருந்தபடி உருளைக்கிழங்குக் கறியை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கஸ்பரின் மனைவி. மன்னார்ப்பக்கம். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். சாம்பியாவில் இரண்டு குடும்பமும் நாற்பது மைல் இடைவெளியில் ஏழு வருடம் இருந்தவை.

"இன்னும் இல்லையக்கா."

"இவர் ஒரு மணிக்கு வந்து நிப்பார். வாசலுக்கை கால் வைக்கேக்கையே கடிதம் எண்டுதான் வருவார். தலைவர் ஆனதிலையிருந்து மனுசனுக்குக் கால் நிலத்திலை முட்டுறேல்லை. நேற்று நித்திரையிலை 'தீர்மானம் நிறைவேறியது' எண்டு சொன்னவர்."

யோகமலருக்குச் சிரிப்பு வந்தது.

"சிரியும். உமக்கென்ன, மூண்டு வரி. எழுதிப்போட்டு நிம்மதியா இரும்."

மூன்று வரிதான். அதை யோகமலர் மறுக்கவில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஆசிரியர்கள் கூட்டங்கூட்டமாக ஆபிரிக்காவுக்குப் போனார்கள். எண்பத்துமூன்றுக்குப் பிறகு அவர்களில் பலருக்குத் திரும்பிப்போக ஊர் இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கனடாவுக்கு வந்துவிட்டார்கள். அப்படிச் சாம்பியாவிலிருந்து வந்த இருபத்திரண்டு குடும்பங்கள் வருடத்தில் ஒருநாள் ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். சாப்பிடுவார்கள், பழைய படங்களைப் பார்ப்பார்கள், கலைவார்கள். இந்த வருடம் தலைவராக வந்த கஸ்பர், சாப்பிட்டுக் கலைகிறது காணும், அந்த நாட்டுக்கு ஏதாவது செய்வோம் என்றார். ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்குக் கல்லால் ஒரு பாலர் பள்ளி கட்டிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அதற்கென்று கூட்டிய கூட்டத்தில், எந்தக் கிராமம் என்பதில்தான் இழுபறி. அமிர்தநாதர் மாஸ்ரர் சாம்பியாவின் வடக்கே தான் படிப்பித்த ஊரைச் சொன்னார். யோகமலரின் கணவர் இராசரத்தினம், அந்த நாட்டின் கிழக்கு மாகாணத்தில் தான் கணிதம் படிப்பித்த மத்தோண்டோவைச் சொன்னார். மத்தோண்டோ வென்றது. அங்கே இராசரத்தினம் மாஸ்ரரின் மனைவி ஏற்கெனவே ஒரு பாலர் வகுப்புத் தொடங்கி வைத்திருக்கிறாவே என்று எல்லாரும் கையை உயர்த்தினார்கள்.

அந்தக் கூட்டத்தில் யோகமலரும் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அங்கத்தைய கல்விக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. கட்டலாம்; தலைமை ஆசிரியை ஒருவரை நாங்கள் அனுப்புவோம். ஆனால் அங்கே இப்போது தாய்மார் தாங்களாகவே நடத்துகிற இடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கு விடச் சம்மதம் என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். கஸ்பர் ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் போட்டார். ஒரு பதிலும் இல்லை. அந்தப் பெண்களின் நியாஞ்சா மொழி இருபத்திரண்டு குடும்பத்திலும் எழுத வாசிக்கத் தெரிந்தது யோகமலர் ஒருத்திக்குத்தான்.

"உங்கடை ஆக்கள் ஏன் பதில் போடேல்லை?" என்றாள் பேபி. "கடிதம் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சிருக்கும்."

"அப்ப?"

"விருப்பமில்லையெண்டால் அவை இல்லையெண்டு சொல்லமாட்டினம் அக்கா. பேசாமல் இருந்திடுவினம்."

"நல்ல பழக்கம். எங்கடை கமிற்றிக்கு ரெண்டு பேரை அனுப்பச் சொல்லும்."

இராசரத்தினம் பன்னிரண்டரைக்கு வந்தார். விடிய ஐந்து மணிக்குப் போனவர். டவுன்ரவுனில் கார் நிறுத்துமிடத்தின் வாசலில் உள்ள கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கற் வாங்கித் தடியைத் தூக்கிவிடுகிற வேலை. கூட்டுக்குள் ஒரு சின்ன ஹீற்றர் உண்டு. அது காலைச் சுடும், தோள் விறைத்துக்கொண்டேயிருக்கும். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும் சுவரோடு தோளை வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார். இன்றைக்கும் நின்றார்.

"தேத்தண்ணி தாரும் மலர். நிரூ எங்கை?"

"அறைக்குள்ளை. இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ரீச்சர்மாருக்கு மீற்றிங்."

"மீற்றிங் வைச்சே பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்கள்," என்றார் அவர். படிப்பித்தவரின் முகம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

அந்த முகத்தை யோகமலருக்குத் தெரியும். போன மாசியில் ஒருநாள் அது முழுதாகத் திரும்பி வந்தது. காரில் வந்த ஒருவன் ரிக்கற்றை நீட்டிவிட்டுக் கூட்டுக்குள் உற்றுப் பார்த்தானாம். "மிஸ்ரர் ரட்ணம்? சேர்?" என்று காரை விட்டு இறங்கினானாம். மத்தோண்டோவில் கணிதம் படித்தவன், இங்கே பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறான். அந்த ஊர் முறைப்படி முழங்காலை மடித்து இரண்டு கையையும் மெல்லத் தட்டி வணக்கம் சொன்னானாம், அந்தப் பனிக்குள். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க அவன் எழும்பவில்லையாம். இராசரத்தினம் வீட்டுக்கு வந்து இதை மூன்று தரம் சொன்னார். நாலாம் தரம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். அன்றிரவு சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் கட்டுகிற எண்ணத்தைக் கஸ்பரின் காதில் போட்டவர் அவர்தான், அதற்கு அடுத்த கிழமை.

ஒரு மணிக்குக் கஸ்பர் வந்தார்.

"தங்கச்சி, வாசம் எலிவேற்றரிலேயே பிடிச்சிட்டுது. ஒவ்வொரு மாடியிலையும் கதவு திறக்கத் திறக்க சனம் மூக்கை நீட்டுது. கடிதம் முடிஞ்சுதோ?"

"நான் சொல்லேல்லை?" என்றாள் பேபி.

"என்ன சொன்னனீ?"

"உங்களைப் பற்றி நல்லதுதான் சொன்னனான். இருங்கோ, ஒரு ரோல்ஸ் தின்னுங்கோ. இது குண்டன், சபையிலை வைக்கேலாது. உங்களுக்கெண்டே உருட்டினது."

கஸ்பர் ஒரு கடதாசிச் சுருளை விரித்தார். கட்டிடத்தின் படம். நாலு அறை, முன்விறாந்தை, சுற்றி வேலி, பூட்டுப் போடுகிற படலை. வாசலுக்கு மேலே ஆங்கில எழுத்தில் இராசரத்தினத்தின் பெயர்.

"அது கமிற்றி போட்டது," என்றார் இராசரத்தினம். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

"ஓமோம், ஒரே ஒருதரம் சொன்னவர். அதுவும் மெல்லமா," என்றார் கஸ்பர்.

இராசரத்தினம் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யோகமலர் பார்த்துக் கன நாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து படத்தைப் பார்த்தாள்.

"இது எவ்விடத்திலை வருது?"

"எங்கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை," என்றார் கணவர். "பெரிய றோட்டுக் கரையிலை அந்த வெறுங்காணி இருந்தது ஞாபகமோ? அது."

"தாய்மார் நிக்கிற சோள மில்லிலையிருந்து ரெண்டு மைல்."

"பின்னை மில்லுக்குப் பக்கத்திலையோ கட்டுறது? தூசி, இரைச்சல், டீசல் மணம்."

நிரூபா அறையிலிருந்து வந்து ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு படத்தை எட்டிப் பார்த்தாள். பதினாறு வயது. எட்டு வயதுவரை மத்தோண்டோவில் வளர்ந்தவள்.

"வாவ், அப்பா, உங்கட நேம். சோ கூல்." பிறகு கேட்டாள்: "அப்ப இப்ப பாக்கிற அன்ரிமார்? தே லூஸ் தெயர் ஜொப்?"

"அவைக்கு அது வேலையில்லைப் பிள்ளை. மில்லிலை நிக்கிற நேரத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. பிள்ளையள் மரத்துக்குக் கீழை மண்ணிலை இருக்குதுகள். அம்மா எவ்வளவு பாடுபட்டுப் பழக்கிவிட்டவ, வந்தாப்பிறகு எல்லாம் பழையபடி ஆயிட்டுது."

நிரூபா தலையாட்டிவிட்டு இன்னொரு ரோல்ஸோடு உள்ளே போய்விட்டாள். பொழுதுபோக்கு என்ற சொல் மட்டும் குசினியில் நின்றது.

இராசரத்தினம் அலுமாரியிலிருந்து நீலக் கடிதத்தாள் ஒன்றை எடுத்துவந்தார். கஸ்பர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து வைத்தார்.

"நான் இங்கிலீஷிலை சொல்லுறன், நீர் அவையின்ர பாசையிலை மாத்தும்," என்றார் கணவர். "அன்பான தாய்மாரே. உங்கள் நல்ல காலம் பிறந்துவிட்டது..."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் யோகமலர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்து இருந்தாள். அடுத்த தாச்சிக்கு மா கரைக்க வேண்டும், முட்டை அடிக்க வேண்டும், றஸ்க் தூள் போதாது. இதெல்லாம் நினைவில் ஓடியது. அதற்கு மேலே, பதினாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வாய்க்கு வந்து நின்றது. பயமாக இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை. மனம் அமைதியாக இருந்தது.

"அந்த வகுப்பை நான் துவங்கேல்லை," என்றாள்.

"என்ன?"

"நான் போகேக்கையே அது இருந்தது. நான் அதைக் குழப்பினனான்."

பேபி உருண்டை பிடிக்கிறதை நிறுத்தினாள்.

"ஆறுதலாச் சொல்லும் தங்கச்சி," என்றார் கஸ்பர்.

"மில்லிலை சோளம் அரைக்கப் பொம்பிளையள் பத்துப் பன்ரண்டு மைல் நடந்து வருவினம். கண்டிருப்பியள் தானே கஸ்பர் அண்ணை. தலையிலை சோளப் பேசின், முதுகிலை பிள்ளை. டீசல் வருமட்டும் வரிசையிலை நிக்கவேணும். சிலவேளை அரை நாள். அவை என்ன செய்தவை எண்டால், ஒரு நாளைக்கு ஒராள் முறை. முறைக்காரி வரிசையை விட்டு விலகி எல்லாற்றை பிள்ளையளையும் மாமரத்துக்குக் கீழை வைச்சிருப்பா. அவவின்ரை பேசின் வரிசையிலை நிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கிறவை காலாலை தள்ளித் தள்ளிக் கொண்டுபோவினம். அவவின்ரை இடம் போகாது."

"வடிவான ஏற்பாடு," என்றாள் பேபி.

"முறைக்காரி சும்மா வரமாட்டா. அண்டைக்கு வீட்டிலை செய்யிற வேலையைக் கொண்டுவருவா. கச்சான் கடலை உடைக்கிறது, பாய் இழைக்கிறது, பூசணி இலை நார் உரிக்கிறது. பிள்ளையளும் அவவோடை இருந்து செய்யும். எண்ணும், பாடும், பங்கு பிரிக்கும். பேந்து ஒரு பானையிலை கஞ்சி. ஒவ்வொரு பேசினிலையிருந்தும் ஒரு பிடி மா."

இராசரத்தினம் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தார்.

"நான் பாலர் வகுப்பு ரெயினிங் எடுத்தனான். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறிச்சுது. மண்ணிலை இருக்கிற பிள்ளையள், புத்தகம் இல்லை, சிலேற் இல்லை. இவரைக் கொண்டு பிரின்சிப்பலிட்டைக் கதைப்பிச்சு, பள்ளிக்கூடத்துப் பின்வளவிலை சைக்கிள் விடுகிற தகரக் கொட்டிலை வாங்கினன். பிள்ளையள் இருக்க வாங்கு போட்டன். வரிசையா இருத்தி ஏ, பி, சி. 'குட் மோர்னிங் மடம்.' தாய்மார் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு மைல் நடந்து கொண்டுவந்து விட்டினம்."

"அதுதானே நான் சொல்லுறன், நீர் துவங்கினது," என்றார் கணவர்.

"கேளுங்கோவன். மூண்டு கிழமை வந்தினம். பேந்து பாதி. ஒருநாள் ஒருத்தரும் இல்லை. றோட்டிலை காணேக்கை முந்தி மாதிரியே சிரிப்பினம். கச்சான் தருவினம், பூசணி இலை தருவினம். ஏன் வாறேல்லையெண்டு கேட்டால் ஓம், ஓம் எண்டுவினம். நான் என்ன நினைச்சன் தெரியுமே? படிப்பின்ர அருமை தெரியாத சனம் எண்டு. வெறும் வாங்குகளோடை ஒரு மாசம் அந்தத் தகரக் கொட்டிலுக்கை இருந்தன். நீங்கள் பின்னேரத்திலை எப்பிடி வகுப்பு எண்டு கேட்பியள். நல்லாப் போகுது எண்டுவன்."

கஸ்பர் கையிலிருந்த அரை ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"ஒருநாள் நிரூவைக் காணேல்லை. ரெண்டு வயசு. பக்கத்து வீட்டுப் பெட்டை முதுகிலை கட்டிக்கொண்டு போயிட்டாள். நான் தேடிக்கொண்டு ஓடி, மில்லடிக்குப் போனால், மாமரத்துக்குக் கீழை முப்பது பிள்ளையள். என்ரை வகுப்புப் பிள்ளையள் முழுப்பேரும். நடுவிலை இவள் இருந்து கச்சான் உடைச்சு, அவையின்ர பாசையிலை எண்ணுறாள், மோட்சி, விரி, தாத்து. என்னட்டை அவள் ஒண்டு எண்டுகூட அதுவரைக்கும் சொல்லேல்லை."

"அப்ப அவை என்ன சொன்னவை?" என்றாள் பேபி.

"ஒண்டும் சொல்லேல்லை. சிக்கோண்டியின்ரை தாய்தான் அண்டைக்கு முறை. அங்கை பொம்பிளையளைப் பிள்ளையின்ர பேர் சொல்லித்தானே கூப்பிடுறது, அமாக்கே சிக்கோண்டி எண்டு. அவ கொஞ்சம் நகர்ந்து எனக்குப் பாயிலை இடம் விட்டா. ஒரு சுளகு கச்சானைத் தூக்கி மடியிலை வைச்சா. நான் இருந்து உடைச்சன். அழுகை வந்தது, அதையும் அவ காணாத மாதிரி இருந்தா. அடுத்த நாளும் போனன். அதுக்கடுத்த நாளும். ஒரு கிழமை முடிய, அமாக்கே நிரூபா, உன்ரை முறை வியாழக்கிழமை எண்டா. அவ்வளவுதான். வகுப்பை மரத்தடிக்கு மாத்திட்டன் எண்டு இவருக்குச் சொன்னன். ஆறு வருசம் ஒவ்வொரு வியாழனும் போனனான். பருப்பிலை கல்லுப் பொறுக்கினன், சட்டை தைச்சன். அவையின்ரை பிள்ளையள் தமிழிலை பத்துவரை எண்ணும். நான் அவையிட்டை எழுத வாசிக்கப் பழகினன்."

அவள் சொல்லி முடித்தாள். இவ்வளவையும் ஒரே இருப்பில் அவள் பேசியதை அந்த மூன்று பேரும் அதற்குமுன் கேட்டதில்லை.

இராசரத்தினம் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"பதினாலு வருசம். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"முதலிலை வெட்கம். பேந்து நீங்கள் எல்லாருக்கும் பெருமையாச் சொல்லத் துவங்கினியள், என்ரை மனுசிதான் அங்கை பாலர் வகுப்புத் துவங்கினவ எண்டு. கேட்க எனக்கும் நல்லா இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது."

"கூட்டத்திலையாவது சொல்லியிருக்கலாம்."

"ஓம். அது என்ரை பிழை. நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை நானே சொல்லுறன்."

கஸ்பர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஆர் துவங்கினது எண்டது இப்ப பெரிசில்லை. மழைக்கு அந்தப் பிள்ளையள் எங்கை போகும்? கூரை வேணும்தானே? ரெயினிங் எடுத்த ஆசிரியை வாறது நல்லதுதானே? மற்றதைச் சொல்லும், கல்லாலை கட்டுறது எப்பிடிப் பிழையாகும்?"

"கல்லு பிழையில்லை அண்ணை. நான் தகரக் கொட்டிலிலை விட்ட பிழையை நீங்கள் சீமெந்தாலை கட்டப் பாக்கிறியள். அதே இடம். அதே ரெண்டு மைல். மில்லிலை பேசினை விட்டிட்டு ஆர் கொண்டுபோய் விடுறது, ஆர் கூட்டிக்கொண்டு வாறது? அது மூண்டு கிழமை நடக்கும். பேந்து வேலியும் பூட்டும் மிஞ்சும். நான் குழப்பேக்கை அவை மரத்தடிக்குத் திரும்பிப் போகக்கூடியதா இருந்தது. இப்ப மூடுறம் எண்டு எழுத்திலை வாங்கினால் அதுவும் ஏலாது."

"அவைக்கே விருப்பமெண்டால்?"

"விருப்பமெண்டால் முதல் கடிதத்துக்கே பதில் வந்திருக்கும்."

"இவள் சொல்லுறதிலை நியாயம் இருக்கு," என்றாள் பேபி.

"நீ பேசாமல் இரு. மாஸ்ரரின்ர முகத்தைப் பார்."

"பாத்துக்கொண்டுதான் சொல்லுறன்."

யோகமலரும் அந்த முகத்தைத்தான் பார்த்தாள். கோபம் இருந்தால் லேசாக இருந்திருக்கும். விறைத்த தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கிறபோது இருக்கிற முகம்தான் அது.

"நான் ஒரு கடிதம் எழுதுறன்," என்றாள். "உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்டு. பானை வேணுமோ, மில்லடியிலை ஒரு கூரை வேணுமோ, ஒண்டும் வேண்டாமோ எண்டு. பதில் வர மாசி, பங்குனி ஆகும்."

கஸ்பர் தலையை அசைத்தார். "கமிற்றி நாளைக்கு முடிவெடுக்கவேணும். சம்மதம் கேட்டு நீர் எழுதின கடிதத்தை நாளைக்குக் காட்டேலாதெண்டால் கட்டிடம் அமிர்தநாதரின்ர ஊருக்குப் போயிடும். அவர் படமும் கீறி வைச்சிருக்கிறார், பேரும் எழுதி வைச்சிருக்கிறார். பேந்து மத்தோண்டோ எண்டு ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நான் தலைவர் எண்டாலும் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?"

"விளங்குது."

"உம்மட மனுசன்ர பேர்தான் போகும்."

"அதுவும் விளங்குது அண்ணை."

பேபி எழும்பி, "இஞ்சை வாங்கோ, அந்தப் பெட்டியளைத் தூக்கிக் காரிலை வைப்பம்," என்று கஸ்பரின் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னும் பொரிச்சு முடியேல்லையே."

"வெறும்பெட்டியைத் தூக்குங்கோ."

கஸ்பருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேரும் கதவடிக்குப் போய்ச் சப்பாத்துப் போடத் தொடங்கினார்கள். ஆனால் போகவில்லை. கயிறு கட்டுவதில் ஒருவரையொருவர் பிழை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

குசினியில் கணவனும் மனைவியும் மட்டும். இராசரத்தினம் எழும்பினார். யோகமலர் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தொட்டியடியிலிருந்து துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து, அவளுக்கு முன்னால் இருந்த மாப்பொடியையும் எண்ணெய்த் துளிகளையும் தானே துடைத்தார். இருபது வருடத்தில் அவர் மேசை துடைத்ததில்லை. மூலைமூலையாக, கரும்பலகை துடைப்பதுபோல, மேலிருந்து கீழே துடைத்தார். பிறகு ஒரு உலர்ந்த துணியால் இன்னொரு தரம். நீலத்தாளை அதில் விரித்தார். பேனையின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"மலர்," என்றார். குரலில் மாஸ்ரர் இல்லை. "பள்ளிக்கூடம், பிள்ளையள், அதெல்லாம் விடும். எனக்காக எழுதும். ஒரு இடத்திலையாவது என்ரை பேர் ஒரு சுவரிலை இருக்கட்டும். நான் அங்கை நல்லாப் படிப்பிச்சனான். அது உமக்குத் தெரியும்."

அது அவளுக்குத் தெரியும். பரீட்சைக் காலத்தில் அரிக்கன் லாம்பைச் சுற்றிப் பெடியங்களை வைத்துச் சம்பளமில்லாமல் படிப்பித்த மனிதர். மலேரியாக் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வகுப்புக்குப் போனவர். அந்த மனிதருக்கு ஒரு சுவர் கிடைத்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. அவளிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் அந்த நிமிடத்தில் கொடுத்திருப்பாள். இன்னொரு வேலைக்குப் போகச் சொன்னால் போயிருப்பாள், திரும்ப ஆபிரிக்காவுக்கு வரச் சொன்னால் பெட்டி கட்டியிருப்பாள். அவர் கேட்டது அவளிடம் இருக்கிறதுதான். ஆனால் அது அவளுடையதல்ல. ஒரு பாயில் நகர்ந்து இடம் விட்டவர்கள் அவளை நம்பி வைத்திருக்கிற ஒன்று. அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க, அந்த இன்னொருவர் தன் கணவராகவே இருந்தாலும், தனக்கு உரிமை இல்லை என்பது அவளுக்கு வெயில் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

அவள் தொட்டியில் கையைக் கழுவினாள். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் எடுத்தாள். துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். கதவடியில் சப்பாத்துச் சத்தம் நின்றுவிட்டது. இராசரத்தினம் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யோகமலர் பேனையை எடுத்து மூடியைப் போட்டாள். நீலத்தாளை அதன் மடிப்புகளிலேயே ஒவ்வொன்றாக மடித்தாள். எழும்பி, அவருடைய கையைப் பிடித்து, அந்தக் குளிர்ந்த உள்ளங்கையில் தாளையும் பேனையையும் வைத்து, அதன்மேல் தன் கையைக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

"இதை நான் எழுதமாட்டன் அப்பா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.